வயதான பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறதா? திட்டும் முன் இதைப் படிங்க!

"பத்து வருஷமா ட்ரேயைத் தாண்டி ஒரு சொட்டு போனதில்லை. இப்போ மெத்தை, துணிக்கூடை, வாசல் மிதியடின்னு எங்க பார்த்தாலும் ஈரம். வயசாயிடுச்சு, புத்தி மழுங்கிடுச்சு." பூனை வளர்க்கும் வீடுகளில் இந்தப் புலம்பல் ஒன்றும் புதுசு இல்லை. முதலில் திட்டு விழும். அப்புறம் அடி விழும். சில வீடுகளில் அதற்கும் மேலே போய், ஒருநாள் பையில் போட்டு மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

10 வயதைத் தாண்டிய பூனை திடீரென இடம் மாறி சிறுநீர் கழிக்க ஆரம்பித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் உடம்பைத்தான். உங்கள் மேல் உள்ள கோபத்தில் மெத்தையை நனைத்துப் பழிவாங்கும் அளவுக்கெல்லாம் பூனை திட்டம் போடுவதில்லை. மனித வயதோடு ஒப்பிட்டால் 10 வயது பூனைக்கு ஏறக்குறைய 56 வயது. 15 வயது பூனைக்கு 76. அந்த வயதில் நம் வீட்டுப் பெரியவர் ராத்திரி நாலு முறை எழுந்து பாத்ரூம் போனால், "சுகர் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்போம் இல்லையா? அதே கணக்குதான் இங்கேயும்.

என்ன நோயாக இருக்கலாம், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் அவசரம்: சிறுநீர் வரவே இல்லையா?

மற்றதைப் படிப்பதற்கு முன் இதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் பூனை அடிக்கடி ட்ரேவுக்குப் போய், உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டுகூட வராமல் எழுந்து வருகிறதா? கத்துகிறதா? பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். ராத்திரி என்றாலும், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் இதுதான் பதில்.

ஆண் பூனைக்கு, ஊர்ப்பக்கம் கடுவன் என்பார்களே அதற்கு, சிறுநீர் வெளியேறும் குழாய் நீளமாகவும் மிகக் குறுகலாகவும் இருக்கும். சின்ன கல், சளி போன்ற கட்டி, வீக்கம் என எது வந்தாலும் அடைத்துக்கொள்ளும். பெட்டைப் பூனைக்குக் குழாய் அகலம் என்பதால் இது அபூர்வம். அடைப்பு இளம் கடுவன்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆனாலும் வயதான பூனைக்கு வராது என்று சொல்ல முடியாது, கல் பிரச்னை இருந்தால் கண்டிப்பாக வரலாம்.

அடைத்தால் என்ன ஆகும்? வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கும். பொட்டாசியம் அளவு ஏறும். அது ஒரு கட்டத்தைத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும். முழு அடைப்பு ஏற்பட்ட 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நிலைமை உயிருக்கு ஆபத்தான கட்டத்துக்குப் போய்விடலாம். வாந்தி, சோர்வு, சாப்பிடாமல் மூலையில் ஒளிந்துகொள்வது எல்லாம் தெரிய ஆரம்பித்துவிட்டால் ஏற்கெனவே தாமதம் ஆகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பூனை முக்குவதைப் பார்த்து "மலச்சிக்கல் போல" என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து, ஒருநாள் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். சிறுநீருக்கு முக்கும்போதும் மலத்துக்கு முக்கும்போதும் பூனை உட்காருவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். அந்த ஒருநாள்தான் பூனைக்கு இருந்த ஒருநாள். அதேபோல வயிற்றை அமுக்கிவிட்டு சிறுநீரை வரவைக்கப் பார்க்க வேண்டாம். நிரம்பி விறைத்துப்போன சிறுநீர்ப்பை கிழிந்துபோக வாய்ப்பு இருக்கிறது.

அதிகமா போகுதா, கொஞ்சம் கொஞ்சமா போகுதா?

அவசரம் இல்லை என்று தெரிந்துவிட்டது. இனி நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். பூனை நிறைய சிறுநீர் கழிக்கிறதா, இல்லை அடிக்கடி போய் துளித்துளியாகக் கழிக்கிறதா? கேட்பதற்கு ஒரே மாதிரி தோன்றும். ஆனால் இரண்டும் இரண்டு வேறு பாதை. முதலாவதில் பிரச்னை பெரும்பாலும் கிட்னி, சர்க்கரை, தைராய்டு பக்கம் இருக்கும். இரண்டாவதில் சிறுநீர்ப்பையிலும் குழாயிலும் இருக்கும்.

வீட்டிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். கடையில் 'கேட் லிட்டர்' என்று கேட்டால் கிடைக்கும் கட்டிப்படும் வகை மணலைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் வேலை சுலபம். தினமும் எத்தனை கட்டி, என்ன அளவு என்று பாருங்கள். ஆரோக்கியமான பூனை பொதுவாக ஒரு நாளைக்கு 2 முதல் 4 முறை போகும். எலுமிச்சை அளவில் இருந்த கட்டி சாத்துக்குடி அளவுக்கு வந்துவிட்டால் அதிகம். கடலை கடலையாக எட்டு பத்து கிடந்தால் இரண்டாவது வகை. சாதாரண மணலோ பேப்பரோ போடுகிறீர்கள் என்றால், மாற்றும்போது கனத்தை வைத்து ஓரளவு கணிக்கலாம்.

தண்ணீரையும் அளக்கலாம். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழித்துப் பாருங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது 4 கிலோ பூனை 200 மில்லிக்கு மேல் குடித்தால், டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. வீட்டில் இரண்டு மூன்று பூனைகள் இருந்தால் இந்தக் கணக்கு குழம்பும். ஒருநாள் மட்டும் தனி அறையில் வைத்துப் பார்க்கலாம்.

வெளியே போய் தோட்டத்து மண்ணில் முடித்துவிட்டு வரும் பூனைகள்தான் சிக்கல். எவ்வளவு போகிறது, ரத்தம் கலந்து போகிறதா என்று யாருக்குமே தெரியாது. 10 வயதுக்கு மேல் அந்தப் பூனைக்கும் வீட்டுக்குள் ஒரு ட்ரே பழக்கிவிடுவது நல்லது. நோயைக் கண்டுபிடிக்க அதைவிட மலிவான வழி இல்லை.

நிறைய போனால்: கிட்னி முதல் சந்தேகம்

வயதான பூனைகளுக்கு மிக சகஜமாக வரும் நோய்களில் ஒன்று நாள்பட்ட சிறுநீரக நோய். பூனையின் முன்னோர்கள் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். குறைந்த தண்ணீரில் வாழ்ந்து, சிறுநீரை நன்றாகக் கெட்டிப்படுத்தி வெளியேற்றும் வித்தை அவற்றின் கிட்னிக்குத் தெரியும். கிட்னி பழுதாகும்போது முதலில் போவது அந்த வித்தைதான். சிறுநீர் தண்ணீர் மாதிரி நிறமோ வாடையோ இல்லாமல் நிறைய போகும். போன தண்ணீரை ஈடுகட்ட பூனை நிறைய குடிக்கும். "நல்லா தண்ணி குடிக்குது, ஆரோக்கியமா இருக்கு" என்று வீட்டில் சந்தோஷப்படுவது இந்தக் கட்டத்தில்தான்!

வருத்தமான விஷயம் என்னவென்றால், வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் கிரியேட்டினின், கிட்னியின் செயல்பாட்டில் சுமார் முக்கால்வாசி போன பிறகுதான் தெளிவாக ஏறும். எஸ்.டி.எம்.ஏ என்ற இன்னொரு பரிசோதனை கொஞ்சம் முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். சிறுநீரின் அடர்த்தியும் கிரியேட்டினினுக்கு முன்பே காட்டிக்கொடுக்கக் கூடும். அதனால்தான் ரத்தத்தோடு சிறுநீரையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். ரத்தம் மட்டும் எடுத்து "நார்மல்" என்று வந்தால் பாதி விடைதான் கிடைத்திருக்கிறது.

இந்த நோயை முழுசாகக் குணப்படுத்த முடியாது. ஆனால் சீக்கிரம் தெரிந்து பார்த்துக்கொண்டால் சில வருடங்கள் நன்றாகவே வாழும் பூனைகள் நிறைய. பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு, குமட்டலுக்கு மருந்து, தேவைப்பட்டால் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுவது ஆகியவைதான் சிகிச்சையின் முதுகெலும்பு. சலைன் ஏற்றுவதை வீட்டிலேயே செய்ய டாக்டர் சொல்லிக்கொடுப்பார். முதல் இரண்டு முறை கை நடுங்கும், அப்புறம் பழகிவிடும். கிட்னி நோயோடு ரத்த அழுத்தமும் சேர்ந்து வருவதுண்டு. அளவு எகிறினால் விழித்திரை பாதித்து பூனைக்குத் திடீரெனப் பார்வை போய்விடலாம். அதனால் பி.பி-யும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆம், பூனைக்கும் பி.பி பார்க்க முடியும்.

சர்க்கரை நோயும் இதே அறிகுறியோடுதான் வரும். நிறைய குடிக்கும், நிறைய போகும், நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும். குண்டாக இருந்த பூனை என்றால் சந்தேகம் இன்னும் அதிகம். இன்சுலின் போட வேண்டியிருக்கும். ஆனால் பூனைகளில் ஒரு நல்ல செய்தி: சீக்கிரமே சிகிச்சை தொடங்கி, மாவுச்சத்து குறைந்த உணவுக்கு மாறினால், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வரும்.

தைராய்டு கொஞ்சம் விசித்திரமானது. 13 வயதில் பூனை திடீரெனக் குட்டி மாதிரி துறுதுறுவென்று ஓடும், ராத்திரியெல்லாம் கத்தும், எவ்வளவு போட்டாலும் தின்னும், ஆனால் எலும்பு தெரிய இளைக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும். தைராய்டு அதிகமாக இருக்கும்போது கிட்னிக்கு ரத்த ஓட்டம் கூடுவதால், உள்ளே இருக்கும் கிட்னி நோய் மறைந்து நிற்கும். தைராய்டு கட்டுக்குள் வந்ததும் அது வெளியே தெரியும். மருந்துதான் கிட்னியைக் கெடுத்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

இந்த மூன்றில் எதுவானாலும் ஒன்றை மறக்கக் கூடாது. நிறைய போகிறது என்பதற்காகத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்காதீர்கள். "ராத்திரி தண்ணி வைக்காம விட்டா மெத்தை நனையாது" என்ற யோசனை பூனையின் உயிரோடு விளையாடுவது. உள்ளே தங்காமல் போவதால்தான் அது குடிக்கிறது.

துளித்துளியாகப் போனால்: கல்லா, கிருமியா, வேறு ஏதாவதா?

ட்ரேவுக்கு அடிக்கடி ஓடுவது, ஓரிரு சொட்டு, இளஞ்சிவப்பு நிறம், வலியில் கத்துவது, குளிர்ச்சியான தரையில், பாத்ரூம் டைல்ஸிலோ வாஷ்பேசினிலோ போய்க் கழிப்பது. இவை சிறுநீர்ப்பை எரிச்சலின் அடையாளங்கள். ட்ரேவில் வலித்தால் பூனை அந்த ட்ரேதான் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டு வேறு இடம் தேடும். உங்களுக்கு அது அடம் போலத் தெரியும்.

கல்லில் முக்கியமாக இரண்டு வகை. ஸ்ட்ரூவைட் கல்லை மருத்துவ உணவு கொடுத்தே கரைக்கலாம். கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது, அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும். வயதான பூனைகளுக்கு இந்த இரண்டாவது வகை அதிகம். "கல் கரைய" என்று நமக்குப் பழக்கமான வாழைத்தண்டுச் சாறு, நாட்டு மருந்து எதையும் பூனைக்கு முயற்சி செய்ய வேண்டாம். என்ன கல் என்றே தெரியாமல் எதைக் கரைப்பது?

கிருமித் தொற்று பற்றிப் பேசும்போது வயது முக்கியம். இளம் பூனைக்கு சிறுநீர்த் தொற்று மிகவும் அபூர்வம். பூனையின் கெட்டியான சிறுநீரில் கிருமி சுலபமாக வளராது. ஆனால் 10 வயதுக்கு மேல், கிட்னியோ சர்க்கரையோ இருந்து சிறுநீர் நீர்த்துப்போன பூனைக்கு, அதிலும் பெட்டைக்கு, தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. அதற்காகச் சிறுநீர் பிரச்னை என்றாலே ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டு வருவது சரியாகாது. கல்ச்சர் பரிசோதனை செய்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று பார்த்துக் கொடுப்பதே முறை. எந்த அறிகுறியும் இல்லாமல் பரிசோதனையில் மட்டும் கிருமி தெரிந்தால் பொதுவாக மருந்து தேவையில்லை என்றே 2019-ல் வெளியான சர்வதேச கால்நடை மருத்துவ வழிகாட்டுதலும் சொல்கிறது.

"எங்க பூனைக்கு ஊசி போட்டதும் நாலே நாள்ல சரியாயிடுச்சே?" என்று கேட்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. கல்லும் இல்லாமல், கிருமியும் இல்லாமல் சிறுநீர்ப்பை தானாகவே வீங்கி எரியும் ஒரு நிலை பூனைகளுக்கு உண்டு. மன அழுத்தம் அதைக் கிளறிவிடும். இது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். ஊசி போட்டாலும் அடங்கும், போடாவிட்டாலும் அடங்கும். பிறகு திரும்ப வரும். இந்த நோயைப் பல வருடங்கள் ஆராய்ந்த அமெரிக்க கால்நடை மருத்துவர் டோனி பஃபிங்டன், பிரச்னை சிறுநீர்ப்பையோடு மட்டும் நிற்பதில்லை, பூனை வாழும் சூழலையும் சரிசெய்ய வேண்டும் என்பதை வலியுறுத்தியவர். அதற்கு அவர் வைத்த பெயர் 'பண்டோரா சிண்ட்ரோம்'.

இந்த வகை எரிச்சல் இளம் பூனைகளிலும் நடுவயதிலும்தான் அதிகம். அதனால் 12 வயதில் முதல்முறையாக இப்படி ஆரம்பித்தால், "டென்ஷன்தான்" என்று முடிவு கட்டும் முன் கல், தொற்று, அரிதாக வரும் புற்றுநோய்க் கட்டி ஆகியவை இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே இந்தப் பிரச்னை உள்ள பூனை என்றால் தீபாவளி வெடி, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, புதுக் குழந்தை, புதுப் பூனை, பத்து நாள் தங்கும் விருந்தாளி ஆகிய நேரங்களில் உஷாராக இருங்கள். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, யாரும் வராத ஒரு மூலை, வழக்கமான நேரத்துக்குச் சாப்பாடு. இவ்வளவு கிடைத்தாலே பாதி பதற்றம் குறையும்.

நோயே இல்லாமலும் இருக்கலாம்: கால் வலி

இது பலருக்கும் தோன்றாத காரணம். 2002-ல் அமெரிக்க கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில், 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பூனை நொண்டாது, முனகாது. அலமாரி மேல் தாவுவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ட்ரேயைப் பாருங்கள். நம் ஊரில் பலர் துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பேசினையோ டப்பையோதான் ட்ரேயாக வைத்திருப்பார்கள். விளிம்பு ஒரு அடி உயரம் இருக்கும். அதுவும் மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ. முழங்கால் வலி உள்ள பாட்டியை மாடியில் இருக்கும் பாத்ரூமுக்குப் போகச் சொன்னால் என்ன ஆகும்?

செய்ய வேண்டியது சின்ன வேலை. டப்பின் ஒரு பக்கத்தை மூன்று அங்குல உயரத்துக்கு வெட்டி, வெட்டிய ஓரத்தை டேப் ஒட்டி மழுங்கடியுங்கள். ட்ரே, பூனையின் உடம்பைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும். உள்ளே போடும் மணல் மிருதுவாக, வாசனை சேர்க்காததாக இருக்க வேண்டும். கட்டட வேலைக்கு வாங்கும் எம்-சாண்ட் முனை முனையாக இருக்கும், வலிக்கும் காலுக்கு அது வேண்டாம். மாடி வீடு என்றால் கீழே ஒன்று, மேலே ஒன்று. பல பூனைகள் உள்ள வீட்டில் பூனைகளின் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக ட்ரே இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ராத்திரி ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். பார்வையும் நினைவும் மங்கிய கிழப் பூனைக்கு அது பெரிய உதவி. கிட்னி பூனை வைத்திருப்பவர்கள் ஒருநாளைக்கு இரண்டு முறை அள்ளித்தான் ஆக வேண்டும். ஈரமான ட்ரேயில் கால் வைக்க அதற்குப் பிடிக்காது.

ஒரு வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நின்றபடி, வாலை ஆட்டிக்கொண்டு, சுவரில் பீய்ச்சி அடித்தால் அது எல்லை குறிப்பது. பெரும்பாலும் கருத்தடை செய்யாத கடுவன்களின் வேலை. உட்கார்ந்து தரையில் கழித்தால்தான் இந்தக் கட்டுரையில் சொன்ன சந்தேகங்கள் எல்லாம்.

டாக்டரிடம் போகும்போது

செல்போன் இருக்கிறதே, அதுதான் பெரிய ஆதாரம். பூனை முக்குவதை வீடியோ எடுங்கள். ரத்தம் கலந்த ஈரத்தை, மணல் கட்டிகளைப் படம் எடுங்கள். எத்தனை முறை, எவ்வளவு தண்ணீர், எடை எவ்வளவு குறைந்தது என்று நோட்ஸில் குறித்துக்கொண்டு போங்கள். மேஜையில் ஏற்றியதும் பூனை கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும், அங்கே எதையும் காட்டாது.

சிறுநீர் மாதிரி வேண்டும் என்றால், கழுவிக் காயவைத்த ட்ரேயில் மணலுக்குப் பதில் மீன்தொட்டிக் கூழாங்கற்களைச் சுத்தமாகக் கழுவிப் போட்டு வையுங்கள். கழித்ததும் ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி சுத்தமான டப்பாவில் எடுத்து, சில மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். தாமதமானால் பிரிட்ஜில் வையுங்கள். கல்ச்சருக்கு மட்டும் டாக்டரே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியால் நேரடியாக எடுப்பார். பார்க்க பயமாக இருக்கும். பெரும்பாலான பூனைகள் அதை ரத்தம் எடுப்பதைவிட அமைதியாகவே தாங்கிக்கொள்ளும்.

எங்கே போவது? பக்கத்தில் பூனைகளைப் பார்த்துப் பழகிய தனியார் கிளினிக் இருந்தால் நல்லது. ஸ்கேன், எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை வரை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. பிரச்னை இல்லாவிட்டாலும் 10 வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை நல்லது.

தண்ணீரும் சாப்பாடும்

கிட்னி, கல், எரிச்சல் என எதுவானாலும் பொதுவான மருந்து தண்ணீர். உலர் உணவில் ஈரம் சுமார் 10 சதவீதம்தான். பவுச்சிலும் டின்னிலும் வரும் ஈர உணவில் முக்கால்வாசி தண்ணீர். உலர் உணவை மட்டுமே நம்பியிருக்கும் பூனையை முடிந்தவரை ஈர உணவுக்குக் கொண்டுவருவது நல்ல மாற்றம். செலவு கட்டுப்படி ஆகவில்லையா? மீனையோ கோழியையோ வெறும் தண்ணீரில் வேகவைத்து, அந்தச் சாறோடு கொடுக்கலாம். உப்பு, மசாலா, முக்கியமாக வெங்காயம், பூண்டு கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த சிவப்பணுக்களை உடைக்கும். ஆனால் வீட்டில் வேகவைத்ததை மட்டுமே முழு உணவாகத் தொடர்ந்து கொடுத்தால் சத்துக்குறை வரும், கிட்னி நோய் இருந்தால் பாஸ்பரஸும் கூடும். எனவே அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கருவாடு பூனைக்கு உயிர்தான், ஆனால் அது உப்பு மூட்டை. பாலும் தண்ணீருக்கு மாற்று ஆகாது, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும்.

கிண்ணத்தை நாலு இடத்தில் வையுங்கள், ட்ரேக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். மீசை இடிக்காத அகலமான மண்சட்டி நம்ம ஊர் வெயிலுக்கு அருமை, தண்ணீர் குளுகுளுவென இருக்கும்.

மருத்துவ உணவுக்கு மாற்றும்போது பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது "பசிச்சா தானா சாப்பிடும்" என்று பட்டினி போடுவது நாய்க்குச் சரிப்படலாம், பூனைக்கு ஆகவே ஆகாது. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே, அதிலும் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். பழைய சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். என்ன செய்தும் தொடவில்லையா? தின்னாத நல்ல உணவைவிட, தின்னும் சுமாரான உணவு மேல்.

பினாயிலும் பாராசிட்டமாலும்: இரண்டு வீட்டு விஷங்கள்

மெத்தை நாறுகிறது, வேலைக்கார அக்கா முகம் சுளிக்கிறார், உடனே பினாயிலை ஊற்றித் துடைக்கிறோம். இதில் இரண்டு பிரச்னை. பினாயில் வகைத் திரவங்களில் உள்ள பீனால் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் முறையாக உடைத்து வெளியேற்ற முடியாது. துடைத்த தரையில் நடந்து, காலை நக்கினாலே உள்ளே போய்விடும். தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெள்ளையாகும் கிருமிநாசினிகள் பூனை வீட்டில் வேண்டாம் என்று மொத்தமாக வைத்துக்கொள்ளலாம். அம்மோனியா கலந்த கிளீனர் வேறு கதை. அந்த வாடை பூனைக்குச் சிறுநீர் வாடை மாதிரியே இருப்பதால் அதே இடத்துக்குத் திரும்பி வரும். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரால் அலசி, செல்லப்பிராணி கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றி ஊறவிட்டுக் காயவிடுங்கள். மெத்தைக்கு வாட்டர்புரூப் உறை ஒன்று வாங்கிவிட்டால் வீட்டில் பாதி சண்டை நின்றுவிடும்.

வலியில் கத்துகிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே ஒரு மாத்திரை போதும், பூனையைக் கொல்ல. மனிதர்களுக்கான இபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் கிட்னியையும் வயிற்றையும் சிதைக்கும். பூனைக்கென்று வலி நிவாரணி இருக்கிறது. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பது டாக்டர் முடிவு. தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள், எந்த மாத்திரை என்று அட்டையையும் எடுத்துக்கொண்டு. பொக்கேவில் வரும் லில்லிப் பூவையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இலை, மகரந்தம் என எதை நக்கினாலும் பூனையின் கிட்னி சில நாட்களிலேயே செயலிழக்கலாம்.

"இன்னும் எவ்வளவு நாள்?"

கிட்னி நோயின் கடைசிக் கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். சாப்பாட்டைத் தொடுவதில்லை, மருந்தோடு கூட வாந்தி நிற்பதில்லை, தன்னை நக்கிச் சுத்தம் செய்வதையே விட்டுவிட்டது, பிடித்த ஜன்னல் பக்கம் போவதில்லை. காலண்டரில் தினமும் 'நல்ல நாள்' அல்லது 'கெட்ட நாள்' என்று ஒரு குறி போட்டு வாருங்கள். கெட்ட நாட்கள் தொடர்ந்து அதிகமாகும்போது, வலியில்லாமல் உறங்க வைப்பது பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசலாம். அதைக் கேட்பதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. நல்ல டாக்டர் அவசரப்படுத்தவும் மாட்டார், இழுத்தடிக்கவும் மாட்டார்.

அதுவரை, பூனைக்கூடையை பரணில் தூக்கிப் போடாமல் ஹாலிலேயே திறந்து வையுங்கள். பழைய துண்டு ஒன்றை விரித்துவிட்டால் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். அவசரத்தில் கிளம்பும்போது கட்டிலுக்கு அடியில் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் ராத்திரியும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, அந்த எண்ணை வீட்டில் எல்லோர் போனிலும் சேமித்து வைத்துவிடுங்கள்.